சுருக்கம் போக்கும் ட்யூபும் டாக்டர் சீட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் இணைப்பிதழில் முகச்சுருக்கத்துக்கு வைட்டமின் ஏ க்ரீம் என்று கட்டம் கட்டி ஒரு செய்தி போட்டிருந்தீர்கள். ராத்திரி தடவிப் படுத்தால் சில வாரத்தில் தோல் இளமையாகிவிடும், மெடிக்கலில் கிடைக்கும், விலையும் குறைவு என்று எட்டுப் பத்து வரி. எழுதியது பொய் என்று சொல்ல மாட்டேன். பாதி உண்மை. மீதிப் பாதியை விட்டுவிட்டீர்கள். திங்கட்கிழமை காலையிலிருந்து, பாளையங்கோட்டையில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடையில், அந்தப் பக்கத்தைச் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து நீட்டுகிறார்கள். "ஏக்கா, பேப்பர்ல போட்டிருக்காவல்லா, அந்த க்ரீம் ஒண்ணு தாங்க." சீட்டு எங்கே என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. "முகத்துல தடவத்தான கேக்கேன், திங்கவா போறேன், இதுக்குப் போய் சீட்டு கேக்கியளே."

நான் மருந்தாளுநர், இந்தக் கவுண்டருக்குப் பின்னால் நின்றே தலை நரைத்தவள். அதனால் விட்டுப்போன பாதியை நானே எழுதுகிறேன். கடிதம் நீளமாகத்தான் இருக்கும், இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஸ்டீராய்டு பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டும் வெட்டாதீர்கள்.

அந்த ட்யூபில் இருக்கும் மருந்தின் பெயர் ட்ரெட்டினாய்ன். நாம் சாப்பிடும் வைட்டமின் ஏ உடம்புக்குள் மாறி மாறிக் கடைசியில் ரெட்டினாயிக் அமிலமாகிறது, அந்த அமிலம்தான் இது. முருங்கைக்கீரையும் காரட்டும் தின்பது கண்ணுக்கு நல்லது, அதனால் கன்னத்துக் கோடு மறையாது. வைட்டமின் ஏ மாத்திரையை அதிகமாக விழுங்கினாலும் மறையாது, ஈரல்தான் கெடும். (இதையும் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் க்ரீம் தர மாட்டேன் என்றால் "அப்ப மாத்திரையாவது தாங்க" என்கிறார்கள்.) அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் இருந்த ஆல்பர்ட் கிளிக்மன் என்ற தோல் மருத்துவர் முகப்பருவுக்கு இதைப் பயன்படுத்தலாம் என்று 1969-ல் எழுதினார், 1971-ல் அங்கே பருவுக்கு அனுமதி கிடைத்தது. பருவுக்காகத் தடவிய நடுத்தர வயதுப் பெண்கள் சிலர், டாக்டர், தோல் வழவழப்பாகிறது, மெல்லிய கோடெல்லாம் குறைகிறது என்று சொல்லத் தொடங்கியதில்தான் இந்தச் சுருக்கக் கதையே ஆரம்பம். வெயிலில் மூப்படைந்த தோலுக்கு இது உதவுகிறது என்று 1986-ல் கிளிக்மன் குழு கட்டுரை எழுதியது. 1988-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜான் வூர்ஹீஸ் குழு 30 பேரை வைத்து 16 வாரம் சோதித்தது. ஒரு முன்கையில் மருந்துள்ள க்ரீம், இன்னொன்றில் மருந்தில்லாத வெறும் க்ரீம், எது எதுவென்று தடவுகிறவருக்கும் தெரியாது, பார்க்கிற டாக்டருக்கும் தெரியாது. மருந்து பட்ட பக்கம் தேறியது. அந்தச் செய்தி வந்ததும் அமெரிக்காவில் மருந்துக் கடைகளில் ட்யூப் தட்டுப்பாடு வந்தது என்பார்கள், உங்கள் கட்டத்தால் எனக்கு வந்த கூட்டத்தைப் பார்த்தபின் அதை நம்புகிறேன். சுருக்கத்துக்கென்றே தனியாக அனுமதி அங்கே கிடைத்தது 1995 கடைசியில்.

கிளிக்மனைப் பெரிய மனிதர் என்று எழுதிவிட்டு நகர மனம் வரவில்லை. பிலடெல்பியாவில் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் தோலில் 1951-லிருந்து 1974 வரை அவர் சோதனைகள் நடத்தினார், அதில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள், என்ன தடவுகிறார்கள் என்றே பலருக்கு ஒழுங்காகச் சொல்லப்படவில்லை. அதற்காக அந்த மாநகர நிர்வாகம் 2022-ல் மன்னிப்புக் கேட்டது. மருந்து நல்ல மருந்து, பின்னால் இப்படி ஒரு கதையும் இருக்கிறது. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நம் தோலுக்குக் கெட்டித்தன்மை கொடுப்பது கொலாஜன் என்ற புரதம். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிர் தோலுக்குள் சில நொதிகளைக் கிளப்பிவிடுகிறது, அவை அந்தக் கொலாஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போடுகின்றன. ட்ரெட்டினாய்ன் செல்லின் உட்கருவரை போய் அந்த நொதிகளை அடக்குகிறது, புதிய கொலாஜன் உண்டாகத் தூண்டுகிறது, மேல்தோல் செல்கள் சீக்கிரம் பழையது கழிந்து புதியது வரவும் வைக்கிறது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முகம் கிழடு தட்டுவதில் வயதுக்குப் பங்கு உண்டுதான், ஆனால் பெரும்பங்கு வெயிலுக்கு. 2012-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு லாரி ஓட்டுநரின் முகம் படமாக வந்தது. வயது 69, சரக்கு வண்டி ஓட்டிய காலம் 28 வருஷம், அங்கே ஓட்டுநர் உட்காருவது இடது பக்கம் என்பதால் ஜன்னல் வெயில் பட்ட இடது கன்னம் மட்டும் வரிவரியாகத் தொங்குகிறது, வலது கன்னம் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. ஏ வகைப் புற ஊதாக் கதிர் கண்ணாடியையும் தாண்டி வரும். நம் ஊரில் ஸ்டீயரிங் வலது பக்கம். திருச்செந்தூர் ரோட்டிலும் நாகர்கோவில் ரோட்டிலும் வருஷக்கணக்கில் பஸ் ஓட்டும் அண்ணாச்சிமார் கண்ணாடி முன்னால் நின்று இரண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

இப்போது, இந்த மருந்து என்ன செய்யும், என்ன செய்யாது. கண்ணோரத்து மெல்லிய கோடு, தோலின் சொரசொரப்பு, வெயிலால் விழுந்த திட்டுத்திட்டான கருமை, இவை குறையும். குறையும் என்றுதான் எழுதுகிறேன், மறையும் என்று எழுதவில்லை. சிரித்துச் சிரித்து ஆழமாக விழுந்த மடிப்பு, தொங்கிய தாடை, கண்ணுக்குக் கீழே குழி, நம்மில் ஐம்பது தாண்டியவர்கள் கன்னத்தில் மிளகு மிளகாக இருக்கும் கறுப்பு மரு, இவற்றை அது தொடாது. கழுத்துப் பின்புறம் கறுத்து வெல்வெட்டு மாதிரி தடித்திருக்கிறது, அதற்குத் தடவலாமா என்று கேட்பவர்களிடம் நான் க்ரீம் பேச்சையே எடுப்பதில்லை, முதலில் சர்க்கரை பாருங்கள் என்றுதான் சொல்வேன், ஏனென்றால் அந்தக் கறுப்பு இன்சுலின் சரியாக வேலை செய்யாததற்கு அடையாளமாக இருக்கலாம்.

காலத்தைப் பற்றி உங்கள் கட்டம் "சில வாரங்கள்" என்றது. சில வாரத்தில் என்ன நடக்கும் தெரியுமா? முகம் சிவக்கும், காந்தும், மூக்கோரமும் வாயோரமும் வறண்டு மெல்லிய தோலாக உரியும். அந்த மிச்சிகன் சோதனையிலேயே அநேகமாக எல்லோருக்கும் இந்த எரிச்சல் வந்தது. சுருக்கத்தில் பலன் தெரிய நாலு மாதம், ஆறு மாதம் ஆகும். நிறுத்திவிட்டால் பலனும் மெல்ல மெல்லப் போகும். தை பிறந்தால் முகூர்த்தம், ஆவணி பிறந்தால் முகூர்த்தம், கல்யாணத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது பெண்ணின் அம்மாவும் சித்தியும் மயினியும் சேர்ந்து வந்து நிற்பார்கள், போட்டோவில் முகம் நன்றாக விழ வேண்டுமாம். இந்த மருந்தைத் தொடங்க அதைவிட மோசமான நேரம் கிடையாது. மணமேடையில் மூக்கு நுனி உரிந்துகொண்டிருக்கும், மேலே மேக்கப் போட்டால் அது அந்த உரிசலில் ஒட்டிக்கொண்டு இன்னும் எடுப்பாகத் தெரியும். வீட்டில் விசேஷம் வருகிறதென்றால் முந்தின வருஷமே டாக்டரைப் பாருங்கள், இல்லையென்றால் விசேஷம் முடியட்டும்.

அப்புறம் சதவீதம். இது 0.025, 0.05, 0.1 என்று மூன்று அளவில் வருகிறது. "பெரிய பவராத் தாங்க, சீக்கிரம் கேக்கட்டும்" என்பது நான் தினம் கேட்கும் வசனம். 1995-ல் வந்த ஓர் ஆய்வில் 0.1-ஐயும் 0.025-ஐயும் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஒப்பிட்டார்கள். முன்னேற்றம் இரண்டிலும் ஒன்றுபோல, எரிச்சல் மட்டும் பெரிய அளவில் கூடுதல். அந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், அவர்களுக்கு எரிச்சல் வந்தால் சிவந்து அடங்கிவிடும். நமக்கு அப்படி இல்லை. மாநிறத் தோலில் எரிச்சல் வந்த இடமெல்லாம் அடங்கியபின் கறுத்து நிற்கும், அந்தக் கறுப்பு போக மாதக்கணக்கில் ஆகும். திட்டுப் போகத் தடவி, புதிய திட்டை வாங்கிக்கொண்டு வருகிறவர்களை நான் பார்க்கிறேன். ஆகவே நம் ஊர்த் தோல் டாக்டர்கள் அநேகமாக 0.025-ல்தான் தொடங்குவார்கள், அதையும் வாரத்தில் இரண்டு ராத்திரி, பிறகு ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி என்று ஏற்றுவார்கள்.

தடவும் விதம் சீட்டில் இருக்காது, டாக்டருக்கு அதைச் சொல்ல நேரமும் இருக்காது, அதனால் ட்யூபை நீட்டும்போது நான் சொல்லித்தான் அனுப்புவேன். ராத்திரி முகத்தைக் காரமில்லாத சோப்பால் கழுவித் துடைத்துவிட்டு ஒரு இருபது நிமிஷம் காய விட வேண்டும், ஈரத்தில் தடவினால் எரிச்சல் கூடும். விரல் நுனியில் ஒரு பட்டாணி அளவு பிதுக்குங்கள், முழு முகத்துக்கும் அவ்வளவுதான். லேசான மஞ்சள் நிறத்தில் இருக்கும். அதை நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி வைத்து மெல்லப் பரப்ப வேண்டும். இமை, மூக்கு மடிப்பு, உதட்டோரம் இவற்றை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் க்ரீம் தானாகவே அங்கே நகர்ந்து சேர்ந்து புண்ணாக்கும். எங்கள் கடைக்கு வந்த ஒரு அம்மா பவுடர் க்ரீம் போடுகிற மாதிரி உள்ளங்கை நிறைய எடுத்து முகம் கழுத்தெல்லாம் அப்பி, வாரம் முடிவதற்குள் ட்யூபையும் முடித்து, மிளகாய் அரைத்துப் பூசின மாதிரி முகத்தோடு வந்தார். அந்த ட்யூப் மொத்தமே 20 கிராம், சரியாகத் தடவினால் மாதக்கணக்கில் வரும். காந்தல் தாங்கவில்லை என்றால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன் மேல் மருந்து, மறுபடி மாய்ஸ்சரைசர் என்று தடவலாம், அதுவும் தாங்காவிட்டால் சில நாள் நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். இதைத் தடவுகிற காலத்தில் எலுமிச்சம்பழம், தக்காளி, சர்க்கரை வைத்துத் தேய்ப்பது, பார்லரில் ப்ளீச், ஃபேஷியல் எல்லாம் வேண்டாம். மேலுதட்டில் வேக்ஸிங் செய்தால் தோலும் சேர்ந்து வரும், பார்லர் பெண்ணிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளிச்சம் பட்டால் இந்த மருந்து கெட்டுவிடும். ராத்திரி மட்டும் தடவச் சொல்வது அதனால்தான், ட்யூபை ஜன்னல் திண்டில் வைக்காமல் அலமாரிக்குள் வைக்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

இனி அந்த ஸ்டீராய்டு விஷயம்.

சீட்டில்லாமல் வைட்டமின் ஏ க்ரீம் என்று கேட்டு, சீட்டுக் கேட்காத ஒரு கடையில் வாங்கியவர்களின் ட்யூபை நான் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். பல சமயம் அதில் இருப்பது ட்ரெட்டினாய்ன் மட்டும் இல்லை. கூடவே ஹைட்ரோகுவினோன் என்ற நிறமிழக்கச் செய்யும் மருந்தும், மொமெட்டசோன் மாதிரி ஒரு ஸ்டீராய்டும் சேர்ந்த மூன்று மருந்துக் கலவை. இந்த மாதிரிக் கலவையின் முதல் செய்முறையும் அதே கிளிக்மன் குழு 1975-ல் கொடுத்ததுதான். மங்கு விழுந்த முகத்துக்கு, டாக்டர் பார்வையில், சில வாரத்துக்கு மட்டும் கொடுக்கும் மருந்து அது. அந்த வேலைக்கு நல்ல மருந்தும்கூட. சுருக்கத்துக்கான மருந்து அது இல்லவே இல்லை. ஆனால் கடைக்காரர்களுக்கு அது எளிது. ஏன் என்றால் தனி ட்ரெட்டினாய்ன் முதல் வாரமே எரிக்கும், வாங்கினவர் சண்டைக்கு வருவார். கலவை எரிக்காது, ஸ்டீராய்டு எரிச்சலை அமுக்கிவிடும், ஒரு வாரத்தில் முகம் வெளுத்துப் பளபளக்கும். வாங்கினவர் சந்தோஷமாக அக்காவுக்கும் அத்தைக்கும் சேர்த்து வாங்கிப் போவார். இப்படித்தான் ஒரு ட்யூப் ஒரு தெருவையே சுற்றி வருகிறது.

மாதங்கள் போனால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்வதில்லை. ஸ்டீராய்டு தோலை மெலிய வைக்கும். சுருக்கத்துக்காகத் தடவுகிறவருக்குத் தோல் மெலிந்தால் என்ன அர்த்தம் என்று யோசித்துப் பாருங்கள், கிழடு தட்டாமல் இருக்க வாங்கினது கிழட்டுத் தோலையே கொடுக்கிறது. கன்னத்தில் சிவப்பு நரம்பு வலை மாதிரி தெரியும், பரு பொங்கும், மீசை மாதிரிப் பூனைமுடி வளரும், படர்தாமரை இருந்தால் அடையாளமே தெரியாமல் பரவும். சரி, நிறுத்திவிடலாம் என்று நிறுத்தினால் முகம் தீப்பட்ட மாதிரி எரியும், பயந்துபோய் மறுபடி அதையே தடவுவார்கள், எரிச்சல் அடங்கும், மருந்து நல்ல மருந்துதான் என்று நினைப்பார்கள். எங்கள் கடைக்கு வழக்கமாக வரும் ஒரு டீச்சர், நாங்குநேரிப் பக்கம் வேலை, வெயிலில் பஸ் ஏறப் பயந்து முகத்தை முழுக்கத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு வந்தார், அடுப்பு அனல் பட்டாலே முகம் காந்துகிறது என்றார். கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய ட்யூபில் மூன்று பெயரும் சின்ன எழுத்தில் இருந்தன. "வைட்டமின் ஏ-ன்னுதான்க்கா குடுத்தாவ" என்றார். இந்தத் தொந்தரவு நாடு முழுக்க இருக்கிறது, இந்தியத் தோல் மருத்துவர் சங்கம் இதற்கென்றே தனிக் குழு வைத்துப் பிரசாரம் செய்கிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளைத் தடவும் க்ரீமாக இருந்தாலும் டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று ஷெட்யூல் எச்-சுக்குள் கொண்டுவந்தது. சட்டம் அங்கே இருக்கிறது, ட்யூப் இங்கே கைக்குக் கை போகிறது.

ஆகவே உங்கள் வாசகர்களுக்கு நான் சொல்லிக்கொள்வது, வீட்டில் இப்போதே ஒரு ட்யூப் இருந்தால் வெளிச்சத்தில் வைத்து, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டைப் பெட்டியில் இருக்கும் மருந்துப் பெயர்களைப் படியுங்கள். ட்ரெட்டினாய்ன் என்று ஒன்று மட்டும் இருந்தால் ஒரு மாதிரி. மொமெட்டசோன், ஃப்ளூசினோலோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் இப்படி ஏதாவது "சோன்", "லோன்", "சால்" என்று முடியும் பெயர் கூட இருந்தால் அது ஸ்டீராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். நாள்பட்டுத் தடவியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் வேண்டாம், அந்த ட்யூபை அப்படியே எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். பெயரே இல்லாமல், எந்த மருந்து என்றே எழுதாமல், டப்பாவில் வரும் சிவப்பழகு க்ரீம் இதைவிட மோசம். பக்கத்துக் கேரளாவில் மலப்புரம் மாவட்டத்தில் 2023-ல் அப்படிப்பட்ட க்ரீம்களைத் தடவியவர்களுக்குச் சிறுநீரகமே பாதிக்கப்பட்டது, காரணம் அதில் இருந்த பாதரசம் என்று டாக்டர்கள் சொன்னார்கள்.

டாக்டரிடம் போனால் ஐந்நூறு ஆகுமே என்கிறார்கள். ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையில் போய் ஓபி சீட்டுப் போட்டுக் காத்திருந்தால் பார்ப்பார்கள். கூட்டம்தான், மறுக்கவில்லை. ஆனால் முகத்தைக் கெடுத்துக்கொண்ட பிறகு போகிறவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

வெயிலைப் பற்றிச் சொல்லாமல் இந்த மருந்தைப் பற்றிப் பேசவே கூடாது. ட்ரெட்டினாய்ன் தடவுகிற தோல் வெயிலைத் தாங்காது. மேலும் ராத்திரி மருந்து கட்டுவதை மறுநாள் பகல் வெயில் இடித்துத் தள்ளினால் மருந்துக்குக் கொடுத்த காசு வீண். கத்திரி வெயிலில் வண்ணார்பேட்டை பாலத்தில் சிக்னலுக்கு நிற்பவர்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்க்ரீன், ஆள்காட்டி விரலும் நடுவிரலும் நீளத்துக்குப் பிதுக்கினால் வரும் அளவு முகத்துக்கும் கழுத்துக்கும், வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை. இப்படித் தடவினால் சன்ஸ்க்ரீன் ட்யூப் மாதம் ஒன்று ஆகும். இங்கேதான் கணக்கு இடிக்கிறது. ட்ரெட்டினாய்ன் சில நூறு ரூபாய்க்கு வாங்கி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம், சன்ஸ்க்ரீன் ஒவ்வொரு மாதமும் அதே அளவுக்கோ மேலேயோ வைக்கும். விலை குறைவு என்று நீங்கள் எழுதியதில் இந்தக் கணக்கு வரவில்லை.

களக்காட்டில் வாழைத்தோட்ட வேலைக்குப் போகிறவர், நூறு நாள் வேலையில் மண்வெட்டி பிடிக்கிறவர், ராதாபுரம் பக்கம் தேரிக்காற்றில் நிற்கிறவர் இவர்களிடம் இரண்டு மணி நேரத்துக்கொருமுறை சன்ஸ்க்ரீன் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்கு நான் ட்ரெட்டினாய்னைச் சிபாரிசு செய்ய மாட்டேன். தலைத்துண்டை முன்னால் இழுத்து முக்காடு போட்டுக்கொள்வது, அகல விளிம்பு ஓலைத் தொப்பி, குடை, பதினோரு மணிக்கு முன்னும் மூன்று மணிக்குப் பின்னும் வேலை, இவை பெரிய செலவில்லாமல் சுருக்கத்தைத் தள்ளிப்போடும் வழிகள். குடை பிடித்துக்கொண்டு போகிற ஆம்பிளையைப் பார்த்துச் சிரிக்கிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, அது ஒழியட்டும். பீடி சுற்றுகிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள் பலர் நிழலிலேயே இருந்து வேலை செய்கிறவர்கள், அறுபதிலும் கன்னம் வழவழவென்றிருக்கும், அவர்கள் எந்த க்ரீமும் கேட்டு வந்ததில்லை. (நுரையீரலுக்கும் முதுகுக்கும் மருந்து கேட்டு வருகிறார்கள், அது வேறு கடிதம்.)

நாட்டு மருந்தே போதும், ரசாயனம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா. இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. வெளிநாட்டு அழகுசாதனக் கம்பெனிகள் ரெட்டினாலுக்கு (சீட்டில்லாமல் கிடைக்கும், வைட்டமின் ஏ-யின் இன்னொரு வடிவம்) மாற்று என்று இப்போது விலையுயர்த்தி விற்கும் பாகுச்சியால் என்ற பொருள், நம் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் கார்போக அரிசியிலிருந்து எடுப்பது. நம் ஆச்சிமார் குளியல் பொடிக்கு அரைத்துச் சேர்ப்பார்களே, அதேதான். 2019-ல் 44 பேரை வைத்து 12 வாரம் நடந்த ஒரு சோதனையில் அது ரெட்டினாலுக்குக் கிட்டத்தட்ட ஈடாக வந்தது, எரிச்சலும் குறைவு. சோதனை சின்னது, ஒப்பிட்டதும் ட்ரெட்டினாய்னோடு அல்ல, அதைவிட வலுக்குறைந்த ரெட்டினாலோடு. இதைப் படித்துவிட்டு யாரும் கார்போக அரிசியை அரைத்து முகத்தில் பூசிக்கொண்டு வெயிலில் போய்விடாதீர்கள், அந்த விதையில் சோரலென் என்ற பொருளும் இருக்கிறது, வெண்புள்ளிக்கு வெயில் சிகிச்சை கொடுக்கப் பயன்படும் பொருள் அது, வெயில் பட்டால் தோல் கொப்பளித்துக் கறுத்துவிடும். கம்பெனிக்காரன் அதைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் விற்கிறான். குளியல் பொடியில் சிட்டிகை போட்டுத் தேய்த்துக் கழுவிவிடுவது வேறு, முகத்தில் பூசி வைத்திருப்பது வேறு.

கடைகளில் சீட்டில்லாமல் கிடைக்கும் ரெட்டினால் சீரம்களைப் பற்றியும் ஒரு வரி. ரெட்டினால் தோலுக்குள் போய் இரண்டு படி மாறித்தான் ரெட்டினாயிக் அமிலமாகும், அதனால் வலு குறைவு, எரிச்சலும் குறைவு. ட்ரெட்டினாய்ன் தாங்காதவர்களுக்கு அது ஒரு வழி. ஆனால் ஆயிரம் இரண்டாயிரம் கொடுத்து வாங்கும்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்று எழுதாத பாட்டிலை நான் வாங்க மாட்டேன்.

கடைசியாக, உங்கள் கட்டத்தில் இல்லாததில் என்னை நிஜமாகவே கோபப்படுத்திய ஒன்று. அந்தப் படத்தைக் காட்டி க்ரீம் கேட்டவர்களில் சுருக்கமே இல்லாத இருபத்தைந்து, முப்பது வயதுப் பெண்களும் இருந்தார்கள், சுருக்கம் வராமல் இருக்க இப்போதே தடவலாம் என்று. அதில் ஒரு பெண்ணிடம் வழக்கம்போலக் கேட்டேன், மாதவிலக்கு தள்ளிப் போயிருக்கா, குழந்தைக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா என்று. ஆமாம் என்றாள். ட்ரெட்டினாய்னின் அண்ணன் தம்பி மாதிரியான ஐசோட்ரெட்டினாய்ன் என்ற மாத்திரை வயிற்றுக் குழந்தைக்குப் பெரும் ஊனங்களை உண்டாக்கும், அது தீர்மானமாகத் தெரிந்த விஷயம். தடவும் க்ரீமிலிருந்து ரத்தத்துக்குப் போவது மிகக் குறைவுதான், கர்ப்பம் என்று தெரியுமுன் சில நாள் தடவிவிட்டேனே என்று பயந்து அழ வேண்டியதும் இல்லை, டாக்டரிடம் சொன்னால் போதும். ஆனாலும் சுருக்கத்துக்காக அந்த நேரத்தில் இதைத் தடவக் கூடாது என்பதுதான் டாக்டர்களின் வழக்கம், பால் கொடுப்பவர்களும் கேட்டுவிட்டே தொட வேண்டும். இந்தக் கேள்வியைச் சீட்டெழுதும் டாக்டர் கேட்பார், அல்லது சீட்டைப் பார்க்கும் நான் கேட்பேன். சீட்டே கேட்காத கடையில் யார் கேட்பார்கள்? உங்கள் கட்டத்தைப் படித்தவரிடம் யாரும் கேட்கவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதே பக்கத்தில், அதே இடத்தில், அதே அளவு கட்டத்தில், கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயல்பவர்களும் இதைத் தடவக் கூடாது என்றும், இது டாக்டர் சீட்டுக்கு மட்டும் தரும் மருந்து என்றும் போடுங்கள். ஏழாம் பக்கத்து ஓரத்தில் திருத்தம் என்று பொடி எழுத்தில் போட்டால் கண்ணாடி போட்ட எனக்கே தெரியாது.

இப்படிக்கு,
ஒரு மருந்தாளுநர்,
பாளையங்கோட்டை